சேர்ந்து சிரிப்போம், வாருங்கள்!

அன்புச் சகோதரிகளே, உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. நீங்கள் கடைசியாக வயிறு குலுங்கச் சிரித்தது எப்போது?

வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துப் புன்னகைத்ததைக் கேட்கவில்லை. மழலை பேசும் பிள்ளைக்காகச் சிரித்துக் காட்டியதையும் கேட்கவில்லை. கண்ணில் நீர் முட்ட, விலாவைப் பிடித்துக்கொண்டு, "போதும் புள்ள, இனி ஏலாது" என்று சொல்லும்வரை சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பைத்தான் கேட்கிறேன்.

உங்களில் பலருக்கு உடனே பதில் வராது. சிலருக்குப் பாடசாலைக் காலம் ஞாபகம் வரும். சிலருக்கு, ராத்தா தங்கச்சிமாரோடு ஒரே பாயில் படுத்துக்கொண்டு, வாப்பா அதட்டும்வரை குசுகுசுத்துச் சிரித்த இரவுகள் ஞாபகம் வரும். அதற்குப் பிறகு? சுபஹுக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளை அனுப்பி, சமைத்து, துவைத்து, மீண்டும் சமைத்து, இரவில் களைத்துப் படுத்து என்று வருடங்கள் ஓடிவிட்டன. கணவர் வெளிநாட்டில் உழைக்கும் வீடுகளில், பெரிய விடயங்களை மனம்விட்டுப் பேசக்கூட ஆளில்லை. பிள்ளைகள் வளர்ந்து போய்விட்ட வீட்டில் உம்மம்மா ஓர் அறையில் தனியாக இருக்கிறார். சுகமில்லை என்று வைத்தியரிடம் போகிறோம். மனம் பாரமாக இருக்கிறது என்று எவரிடம் போவது?

அதற்குப் பெரிய செலவில்லாத, மிகச் சிறிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேசப் போகிறேன். அயலிலுள்ள நாலைந்து பெண்கள் ஓரிடத்தில் கூடி, அரை மணி நேரம் சேர்ந்து சிரித்துவிட்டு வீடு திரும்புவது. சிரிப்பு மன்றம் என்று இதற்குப் பெயர். சிரிப்பு யோகா என்றும் சொல்வார்கள்.

வாசித்தவுடன் உங்களுக்குச் சிரிப்பு வந்தால் நல்லதுதான். பாதி வேலை முடிந்துவிட்டது!

ஒரு பூங்கா, ஐந்து பேர்

இந்தியாவின் மும்பை நகரில் மதன் கட்டாரியா என்றொரு வைத்தியர். உடல்நலம் பற்றிய சஞ்சிகை ஒன்றையும் நடத்தி வந்தார். 1995ஆம் ஆண்டு மார்ச் மாதம், சிரிப்பு எப்படி மருந்தாகிறது என்று ஒரு கட்டுரை எழுத முற்பட்டார். அதற்காக அவர் தேடிப் படித்தவற்றில் நோமன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியரின் அனுபவமும் ஒன்று. கசின்ஸ் 1964இல் உடலெல்லாம் வலிக்கும் கடும் நோயில் விழுந்தவர். நகைச்சுவைப் படம் பார்த்துப் பத்து நிமிடம் வாய்விட்டுச் சிரித்தால், இரண்டு மணி நேரம் வலியில்லாமல் உறங்க முடிந்தது என்று 1979இல் வெளிவந்த தமது நூலில் அவர் எழுதியிருந்தார்.

இவ்வளவு நன்மை இருக்குமானால், எழுதிக்கொண்டிருப்பதைவிடச் செய்து பார்த்துவிடலாமே என்று கட்டாரியாவுக்குத் தோன்றியது. மார்ச் 13ஆம் திகதி காலையில், அந்தேரிப் பகுதியின் லோகண்ட்வாலாக் குடியிருப்புக்குப் பக்கத்திலுள்ள பூங்காவுக்குப் போனார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்களிடம், வாருங்கள், சேர்ந்து சிரிப்போம் என்று அழைத்தார். இந்த மனிதருக்கு என்ன நடந்தது என்பதுபோல் பார்த்தவர்களே அதிகம். ஐந்து பேருடன்தான் முதல் மன்றம் தொடங்கியது. சில நாட்களில் அது ஐம்பதைத் தாண்டியது.

இன்று நூற்றுக்கும் அதிகமான நாடுகளில் இவ்வாறான மன்றங்கள் நடப்பதாக அவ்வியக்கத்தினர் சொல்கின்றனர். 1998இல் உலக சிரிப்பு தினம் முதன்முதலாக மும்பையில் கொண்டாடப்பட்டது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை அது அனுசரிக்கப்படுகிறது. ஆனால் அந்தப் பெரிய கணக்குகளை விட்டுவிடுவோம். எமக்கு வேண்டியது அந்த ஐந்து பேரின் கதை. அதிலும், இரண்டு கிழமைக்குள் அம்மன்றம் ஏறத்தாழ மூடப்படும் நிலைக்கு வந்ததே, அந்தக் கதைதான் முக்கியம்.

பகிடி தீர்ந்தபோது

ஆரம்பத்தில் அவர்கள் செய்தது நாமெல்லாம் நினைக்கக்கூடியதைத்தான். வட்டமாக நிற்பார்கள். ஒருவர் நடுவில் வந்து பகிடி சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் பகிடிகள் எத்தனை நாளைக்கு வரும்? இரண்டு கிழமை ஆவதற்குள் நல்லவையெல்லாம் தீர்ந்துவிட்டன. மிஞ்சியவை ஆபாசமானவை, அல்லது யாரையாவது புண்படுத்துபவை. முகம் சுளித்த இருவர், இப்படிச் சிரிப்பதைவிட மன்றத்தை மூடிவிடலாம் என்றே சொல்லிவிட்டார்கள்.

கட்டாரியா ஒரு நாள் தவணை கேட்டார். அன்றிரவு யோசித்து அவர் கண்ட வழி இதுதான்: பகிடியே வேண்டாம். காரணம் இல்லாமல் சிரிப்போம். முதலில் வெறும் பயிற்சியாக, உடலால் சிரிப்போம். மறுநாள் ஒரு நிமிடம் மட்டும் என்னோடு சேர்ந்து சும்மா சிரியுங்கள் என்று கேட்டார். பாவனையாகத் தொடங்கிய சிரிப்பு, ஒருவரை ஒருவர் பார்த்ததும் உண்மைச் சிரிப்பாக மாறி, பத்து நிமிடம் வரை அடங்கவில்லை. அவருடைய மனைவி மாதுரி யோகா கற்பிப்பவர். அதிலுள்ள மூச்சுப் பயிற்சிகளை இடையிடையே சேர்த்துக்கொண்டார்கள். சிரிப்பு யோகா என்ற பெயர் வந்தது இப்படித்தான். இதில் மந்திரமோ வழிபாடோ இல்லை. பெயர் மனதுக்கு ஒவ்வாவிட்டால் சிரிப்பு மன்றம் என்று மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். கைதட்டல், மூச்சு, சிரிப்பு, ஓய்வு ஆகிய நான்கும்தான் விடயம்.

சகோதரிகளே, இந்தக் கதையில் எமக்கொரு பாடம் இருக்கிறது. பகிடி என்றால் பெரும்பாலும் அதில் யாராவது அகப்பட வேண்டியிருக்கிறது. மருமகள் அகப்படுகிறாள், மாமியார் அகப்படுகிறார், கறுத்தவள், பருத்தவள், திக்கிப் பேசுபவள் அகப்படுகிறாள். சபை சிரிக்கும்போது அவளும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்குப் போய் அழுவாள். அல்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயத்து 11ஆம் வசனம், பிறரைப் பரிகசிப்பதைத் தடுக்கும் இடத்தில் பெண்களையும் தனியாகவே குறிப்பிடுவதை நீங்கள் ஓதியிருப்பீர்கள். பெண்கள் கூடும் இடத்தில் இந்த ஆபத்து இருக்கிறது என்பது எமக்குத் தெரியாததல்ல.

பகிடி இல்லாத சிரிப்பில் எவரும் அகப்படுவதில்லை. யாரையும் பார்த்துச் சிரிக்காமல் எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கிறோம். மன்றத்தின் முதல் விதியும் கடைசி விதியும் இதுவாகவே இருக்கட்டும்.

சிரிப்புக்குப் பகிடி தேவையில்லை என்பதை ஆய்வும் சொல்கிறது. ரொபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், மக்கள் கூடும் இடங்களில் இயல்பாக எழுந்த சுமார் 1200 சிரிப்புகளைக் குறித்துக்கொண்டு ஆராய்ந்தார். அவற்றில் பகிடி போன்ற ஒன்றைக் கேட்டுச் சிரித்தவை 20 வீதத்துக்கும் குறைவு. மற்றவை, "சரி, போய்ட்டு வாறன்", "அட, நீயா!" போன்ற சாதாரணப் பேச்சோடு வந்தவை. மனிதர் தனித்திருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்றும் அவர் கண்டார். அதாவது, நாம் சிரிக்காமல் போனதற்குக் காரணம் பகிடி கிடைக்காதது அல்ல. கூடியிருக்க ஆள் இல்லாமல் போனதுதான்.

உடலில் நடப்பது

வாய்விட்டுச் சிரிக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் வேகமாக இயங்குகின்றன. மூச்சு நீளமாக வெளியேறுகிறது. இதயத் துடிப்பு சற்றே கூடி, பின்னர் தணிகிறது. சிரித்து ஓய்ந்ததும் தோளும் கழுத்தும் தளர்வதை நீங்களே உணரலாம்.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ரொபின் டன்பாரும் அவரது குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாகச் சிரித்தவர்கள் அதன் பிறகு வலியைக் கூடுதலாகத் தாங்கினார்கள் என்று தெரியவந்தது. வலியைத் தணிக்க உடலே சுரக்கும் என்டோர்ஃபின் என்ற பொருள் இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்களின் கருத்து.

எம்மோடு நெருக்கமான இன்னோர் ஆய்வு ஈரானில் நடந்தது. தெஹ்ரான் நகரில் மனச்சோர்வுற்றிருந்த முதிய பெண்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழு சிரிப்பு யோகா செய்தது. இன்னொரு குழு உடற்பயிற்சி செய்தது. மூன்றாவது குழு எதுவும் செய்யவில்லை. குழுவுக்கு 20 பேராக 60 பேர் இறுதிவரை இருந்தார்கள். 2011இல் வெளியான முடிவின்படி, எதுவும் செய்யாதவர்களைவிட மற்ற இரு குழுவினரின் மனச்சோர்வும் குறைந்திருந்தது. சிரித்தவர்களுக்கும் உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

இதை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிரிப்பு மாயமருந்து அல்ல. நீரிழிவையும் குருதி அமுக்கத்தையும் அது மாற்றிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாத்திரைகளை நிறுத்திவிடவும் வேண்டாம். வீட்டை விட்டு வெளியே வந்து, நாலு பேரோடு சேர்ந்து, உடலை அசைத்து, மூச்சை ஆழமாக விடுவதில்தான் பயன் இருக்கிறது. அதை வயதானவர்களும் விருப்பத்தோடு செய்யக்கூடிய இலகுவான வழிகளில் ஒன்று சிரிப்பு.

எப்படித் தொடங்குவது?

முதலில் ஆள். ஐம்பது பேரைத் தேடாதீர்கள். ஐந்து பேர் போதும். அதில் ஒருவராவது அறுபது வயதைத் தாண்டியவராகவும் ஒருவராவது புதிதாக அயலுக்கு வந்தவராகவும் இருக்கட்டும். நண்பிகள் மட்டும் சேர்ந்தால் அது பழைய அரட்டைக் கூட்டமாகவே இருக்கும்.

அடுத்து இடம். பெண்கள் கூச்சமின்றி வாய்விட்டுச் சிரிக்க மறைவான இடம் வேண்டும். மதில் சூழ்ந்த முற்றம், பெரிய வீடொன்றின் மண்டபம், மாலையில் பிள்ளைகள் இல்லாத மத்ரஸா மண்டபம், அனுமதி கிடைத்தால் விடுமுறை நாளில் பாடசாலை மண்டபம் எதுவும் ஆகும். காற்றோட்டம் இருக்க வேண்டும். தரை வழுக்கக் கூடாது. நிற்க முடியாதவர்களுக்கு நாலு கதிரைகள் இருக்க வேண்டும். எல்லாச் சிரிப்பையும் கதிரையில் இருந்தபடியே செய்யலாம்.

மூன்றாவது அயலவர். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மும்பையின் குர்லாப் பகுதியில், தன் வீட்டருகே காலையில் கூடிச் சத்தமிட்டுச் சிரித்த குழுவினால் தொல்லைப்பட்ட ஒருவர் 2011இல் பம்பாய் உயர் நீதிமன்றம்வரை போனார். எமது மகிழ்ச்சி அடுத்த வீட்டு நோயாளியின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது. தொடங்குமுன் இருபக்கத்து வீடுகளுக்கும் போய்ச் சொல்லுங்கள். முடிந்தால் அவர்களையும் அழையுங்கள்.

நான்காவது நேரம். வீட்டு வேலையோடு இழுபடாத நேரமாகப் பாருங்கள். பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பின் காலை 9 மணி சிலருக்கு வசதி. அஸர் தொழுதுவிட்டு மாலை 4.30 மணி சிலருக்கு வசதி. வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே வேண்டாம். கிழமைக்கு இரண்டு நாள் போதும். சொன்ன நேரத்துக்குத் தொடங்கி, சொன்ன நேரத்துக்கு முடித்துவிடுங்கள். அரை மணி நேரம் என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டால், அடுத்த கிழமை வீட்டில் அனுமதி கிடைக்காது!

சிலருக்கு ஒரு தயக்கம் இருக்கலாம். அளவுக்கு மீறிச் சிரிப்பது உள்ளத்தை மரணிக்கச் செய்யும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்களே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதே நபியவர்கள்தான் சகோதரனைப் பார்த்துப் புன்னகைப்பதும் தர்மம் என்று கற்றுத் தந்தார்கள். தொடக்கமும் முடிவும் உள்ள, கேலியும் வீண்பேச்சும் இல்லாத அரை மணி நேரத்தைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன். இன்னும் தெளிவு வேண்டுமானால் உங்கள் ஊர் ஆலிமா ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரையும் ஒருநாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த அரை மணி நேரம்

நடத்துவதற்கு ஒருவர் முன்னால் நிற்க வேண்டும். அவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. வெட்கத்தை விட்டு முதலில் சிரிக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

முதல் 3 நிமிடம் கைதட்டல். வட்டமாக நின்று, விரல்களும் உள்ளங்கைகளும் நன்றாகப் படும்படி தட்டுங்கள். மெதுவாக இரண்டு, வேகமாக மூன்று. வாயால் "ஹோ ஹோ, ஹா ஹா ஹா" என்று சேர்த்துச் சொல்லுங்கள். சத்தம் தொண்டையிலிருந்து வராமல் வயிற்றிலிருந்து வரட்டும்.

அடுத்த 3 நிமிடம் மூச்சு. மூக்கால் மெதுவாக இழுத்தபடி கைகளை உயர்த்துங்கள். சற்று நிறுத்தி, சிரிப்போடு மூச்சை விட்டபடி கைகளைத் தாழ்த்துங்கள்.

அதன் பின் 15 நிமிடம் சிரிப்புப் பயிற்சிகள். ஒவ்வொன்றும் அரை நிமிடம் முதல் முக்கால் நிமிடம் வரை. ஒவ்வொன்றுக்கும் இடையில் கைதட்டி, இரண்டு மூச்சு எடுத்து ஆறுங்கள். சில பயிற்சிகளைச் சொல்கிறேன்.

சந்திப்புச் சிரிப்பு: ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துபோய், கண்ணைப் பார்த்து, கைகொடுத்துச் சிரிப்பது. பேச்சு இல்லை.

தொலைபேசிச் சிரிப்பு: கையைக் காதில் வைத்து, மறுமுனையில் யாரோ மகா வேடிக்கையான சங்கதி சொல்வதுபோல் நடந்துகொண்டே சிரிப்பது.

தேத்தண்ணிச் சிரிப்பு: இந்தியாவில் இதை லஸ்ஸி ஆற்றுவதுபோல் செய்வார்கள். நாம் தேத்தண்ணி ஆற்றுவோம். இல்லாத கோப்பையிலிருந்து இல்லாத கோப்பைக்கு "ஏஏஏ" என்று ஊற்றி, மறுபக்கம் ஊற்றி, பிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சிரிப்பது.

பில் சிரிப்பு: கரண்ட் பில்லைக் கையில் விரித்துப் பார்ப்பதுபோல் பார்த்து, பக்கத்தில் நிற்பவருக்கும் காட்டிச் சிரிப்பது. எங்கள் வீடுகளில் அழவேண்டிய விடயம்தான். அதனால்தான் இதில் சிரிப்பு உடனே வருகிறது.

சண்டைச் சிரிப்பு: இரண்டு அணியாக நின்று, சுட்டுவிரலை ஆட்டி ஆட்டி, ஒரு சொல்லும் பேசாமல் சிரிப்பாலேயே சண்டை பிடிப்பது.

மன்னிப்புச் சிரிப்பு: இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு, தலையை அசைத்து, எதிரில் நிற்பவரைப் பார்த்து மெதுவாகச் சிரிப்பது. சண்டைச் சிரிப்புக்குப் பிறகு இதைச் செய்யுங்கள். மனத்தாங்கலோடு வந்த இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால், இந்த ஒரு பயிற்சி போதும்.

பிறகு 4 நிமிடம் எல்லோரும் அமர்ந்து, பயிற்சி எதுவும் இல்லாமல், வருகிற சிரிப்பை வரவிடுவது. வராவிட்டால் பேசாமல் இருக்கலாம். கடைசி 5 நிமிடம் கண்ணை மூடி, உடலைத் தளர்த்தி அமைதியாக இருப்பது. இதைத் தவறவிடாதீர்கள். நாள் முழுவதும் எவரும் அழைக்காத, எவரும் ஒன்றும் கேட்காத ஐந்து நிமிடம் ஒரு குடும்பப் பெண்ணுக்கு வேறெங்கே கிடைக்கும்?

முதல் நாள் சிரிப்பு வராது. முந்தானையால் வாயை மூடுவீர்கள். "பொம்புளப் புள்ள பல்லுத் தெரியச் சிரிக்கக் கூடாது" என்று சிறுவயதில் கேட்டது தொண்டையில் வந்து நிற்கும். பரவாயில்லை. சிரிப்பதுபோல் உடலை ஆட்டுங்கள். மூன்றாம் நாள், நாலாம் நாள் பாருங்கள். எதிரில் நிற்கும் மாமியின் சிரிப்பைப் பார்த்தே உங்களுக்குச் சிரிப்பு வரும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சிரிப்பும் ஓர் உடற்பயிற்சிதான். பலமாகச் சிரிக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. 2013இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த ஒரு மீளாய்வு, சிரிப்பின் நன்மைகளோடு அதன் தீமைகளையும் பட்டியலிட்டது. மயக்கம், ஆஸ்துமாவின் தாக்கம், ஹேர்னியா, தாடை விலகல், சிறுநீர் கசிவு என்பன அவற்றுள் சில.

ஆகவே கருவுற்றிருப்போர், அண்மையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டோர், சிசேரியன் மூலம் பிள்ளை பெற்றோர், ஹேர்னியா, கருப்பை இறக்கம், கடுமையான மூலநோய் உள்ளோர், கட்டுப்படாத குருதி அமுக்கமும் இதய நோயும் உள்ளோர், வலிப்பு நோயாளர், கண் அழுத்த நோய் உள்ளோர், கடும் முதுகுவலி உள்ளோர் ஆகியோர் வைத்தியரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் பம்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினால், நெஞ்சு நொந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

சிரிக்கும்போது சிறுநீர் கசிவது பிள்ளை பெற்ற பல பெண்களுக்கு உள்ள தொல்லை. வெட்கத்தால் வெளியே சொல்லமாட்டார்கள். மன்றத்துக்கு வராமல் நின்றுவிடுவார்கள். இடுப்புத் தசைப் பயிற்சிகளால் பலருக்கு இது குறையும். வைத்தியரிடமோ குடும்ப நல மாதுவிடமோ தாராளமாகக் கேட்கலாம் என்பதைத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. துக்கத்தில் இருப்பவரைச் சிரிக்க வற்புறுத்தாதீர்கள். அவர் வட்டத்துக்கு வெளியே கதிரையில் அமர்ந்திருந்தாலும் போதும். சிரித்துக்கொண்டே அழுதுவிடுபவர்களும் உண்டு. அழவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் இருங்கள். பல நாட்களாகத் தூக்கமில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அது சிரிப்பால் தீர்க்கும் விடயமல்ல. அவரைத் தனியே விடாமல் வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்தும் பேசலாம்.

இலவசம் என்றால் இலவசம்

கட்டாரியா தொடங்கிய நாளிலிருந்து சிரிப்பு மன்றங்கள் கட்டணம் அறவிடுவதில்லை. மதமோ அரசியலோ அங்கே பேசப்படுவதில்லை. எமது மன்றமும் இலவசமாகவே இருக்க வேண்டும். ஆனால் காசு வாங்காவிட்டால் மட்டும் இலவசமாகிவிடாது.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் கிழமை ஒரு சகோதரி அன்போடு ஒரு போத்தல் தேத்தண்ணி கொண்டு வருவார். அடுத்த கிழமை இன்னொருவர் வெறுங்கையோடு வர மனமில்லாமல் கட்லட் கொண்டு வருவார். மூன்றாம் கிழமை ரோல்ஸும் வட்டலாப்பமும் வரும். நாலாம் கிழமை, தன் முறைக்கு எதைக் கொண்டு போவது என்று யோசித்த ஒருத்தி, தலையிடி என்று சொல்லி வீட்டிலேயே நின்றுவிடுவாள். அதற்குப் பிறகு வரவே மாட்டாள். ஏன் வரவில்லை என்று எவருக்கும் தெரியாது. மன்றத்தின் தேவை மிக அதிகமாக இருந்தவள் அவளாகத்தான் இருப்பாள்.

ஆகவே தண்ணீரைத் தவிர வேறொன்றும் வேண்டாம். உடுப்பு விற்பது, சீட்டுப் பிடிப்பது, அன்பளிப்புக்குக் காசு சேர்ப்பது எல்லாம் மன்றத்துக்கு வெளியே இருக்கட்டும். புது உடுப்பு, நகை பற்றிய பேச்சும் வேண்டாம். வீட்டில் உடுத்தும் உடுப்போடு, இருக்கிற செருப்போடு வரக்கூடிய இடமாக அது இருந்தால்தான் இலவசம்.

கைத்தொலைபேசிகள் பைக்குள் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருவர் விளையாட்டாக எடுத்த அரை நிமிட வீடியோ வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றினால், அன்றோடு மன்றம் முடிந்தது. மூடிய இடத்தில் நம்பிக்கையோடு சிரித்தவளின் சிரிப்பு அமானிதம். அங்கே கேட்ட குடும்பக் கதையும் அமானிதம்.

நிலைக்கச் செய்வது எது?

தொடங்குவது இலகு. ஆறு மாதம் கழித்தும் நடக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு கொப்பியும் இரண்டு வழக்கங்களும் போதும்.

முதல் வழக்கம், நடத்துபவர் மாறிக்கொண்டே இருப்பது. மாதத்துக்கு ஒருவர் முன்னால் நிற்கட்டும். ஒருவரே நடத்தினால் அது அவருடைய மன்றமாகிவிடும். அவருக்குச் சுகமில்லாமல் போனால் மன்றமும் படுத்துவிடும். நாலு பேருக்கு முன்னால் வாய் திறவாத பெண், ஒரு மாதம் வட்டத்தை நடத்திப் பார்த்தால் அவளிடம் வரும் மாற்றத்தை வீட்டாரே கண்டுகொள்வார்கள்.

இரண்டாவது வழக்கம், வராதவரைத் தேடுவது. வந்தவர்களின் பெயரைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டு முறை வராதவரின் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். "ஏன் வரல்ல?" என்று கணக்குக் கேட்பதற்கல்ல. "உங்களக் காணாம வட்டம் சரியாகல்ல ராத்தா" என்று சொல்வதற்கு. காய்ச்சலாக இருக்கலாம். வீட்டில் பிரச்சினையாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். தான் வராததை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பதைவிடப் பெரிய மருந்து தனிமைக்கு இல்லை.

நோன்பு மாதத்தில் நிறுத்திவிட்டுப் பெருநாளுக்குப் பின் தொடருங்கள். மழையில் மூன்று பேர்தான் வந்தார்கள் என்றால் மூன்று பேரோடு நடத்துங்கள். ஆள் குறைந்ததென்று ஒருநாள் நிறுத்தினால், அடுத்த நாள் வந்தவர்களும் வரமாட்டார்கள். பதினைந்து பேருக்கு மேல் கூடிவிட்டால், அடுத்த ஒழுங்கையில் இன்னொரு வட்டம் தொடங்கச் சொல்லுங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத கூட்டத்தில் சிரிப்பு தொற்றாது.

சகோதரிகளே, இதை வாசித்து முடித்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் ஐந்து பெயர்களை எழுதுங்கள். நாலு பெயர் தாமாக வந்துவிடும். ஐந்தாவது பெயரைச் சற்று யோசித்து எழுதுங்கள். உங்கள் ஒழுங்கையில் எத்தனையோ வருடங்களாக இருக்கிறார், கண்டால் ஸலாம் சொல்வார், ஆனால் அவருடைய சிரிப்புச் சத்தத்தை நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அப்படி ஒருவர் இருப்பார்.

முதலில் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.